தங்கக் கை

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது அந்தத் தொழிற்சாலை. கார்க் கதவுக்கான தகடுகளை அழுத்தி வளைக்கிறார்கள். பிரஸ் மெஷின்கள் வரிசையாக நிற்கும். தகட்டை அதன் வாய்க்குள் வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலே இருக்கும் இரும்புப் பாளம் இறங்கி அழுத்திவிட்டு ஏறும்; காலை எடுக்காவிட்டால் மறுபடி இறங்கும். சில சமயம் தகட்டோடு யாருடைய விரலாவது வளைந்துவிடுவதுண்டு. நிர்வாகம் இதைப் பல வருடங்களாகப் பொறுமையோடு சகித்துக்கொண்டது.

அப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பல்லைக் குத்திக்கொண்டே, "உங்கள் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பை எப்படிக் கற்றுத் தருகிறீர்கள்?" என்று கேட்டுவைத்தார். மெஷின்களை எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் மெஷின்களைப் பராமரித்திருப்பார்கள். மனிதர் கற்றுத் தருவதைப் பற்றிக் கேட்டதால், கேன்டீனை இடித்து அந்த இடத்தில் ஏசி போட்ட பாதுகாப்பு அனுபவக் கூடம் ஒன்றைக் கட்டினார்கள். சாப்பாடு இப்போது சைக்கிள் ஸ்டாண்டில்.

கூடத்துக்குத் தலைவராக ரகுநந்தன் வந்தார். கற்றல் வடிவமைப்பு என்கிற துறையைக் கரைத்துக் குடித்தவர். பாடம் என்று சொல்ல மாட்டார், அனுபவம் என்பார். தொழிலாளி என்று சொல்ல மாட்டார், கற்பவர் என்பார். வந்த முதல் நாளே, பிரஸ் பகுதியின் சுவரில் சிவப்பில் எழுதியிருந்த "மெஷினுக்குள் கையை விடாதே" என்ற பலகையைப் பார்த்து அவர் முகம் வாடிப்போயிற்று.

"கற்பவர் மூளைக்கு எவ்வளவு பாரம் பாருங்க. முதல்ல எழுத்து. அதுல எதிர்மறை. அதுலயும் சிவப்பு. பாரத்தைக் குறைக்கறதுதான் டிசைனோட முதல் விதி."

பலகையைக் கழற்றினார்கள். அந்த இடத்தில், சிரித்துக்கொண்டிருக்கும் ஓர் உள்ளங்கையின் படத்தை மாட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கூடத்தின் நடுநாயகம் நம்பிக்கை பிரஸ். நிஜ மெஷினைப் போலவே இருக்கும், ஆனால் துடைத்துத் துடைத்துப் பளபளக்கும். நிஜ மெஷினில் இருப்பது போலவே வாயின் இரண்டு பக்கமும் சென்சார் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒளியைக் கை மறைத்தால் மெஷின் நின்றுவிடும். நின்ற உடனே ஒலிபெருக்கியில் கைதட்டல் எழும். திரையில் நட்சத்திரங்கள் சொரியும். கற்பவர் முதல் சுற்றில் மெதுவாகக் கையை விட வேண்டும். இரண்டாம் சுற்றில் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே விட வேண்டும். மூன்றாம் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு.

"கை யோசிக்கக் கூடாது. யோசிக்கிற கை இன்னும் கத்துக்காத கை" என்பார் ரகுநந்தன்.

மூன்று சுற்றையும் முடித்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு தங்க நிற உள்ளங்கை கிடைக்கும். அதற்குத் தங்கக் கை என்று பெயர். எத்தனை கைகள் உள்ளே போய் வந்தன என்பது ஜி.எம். அறையில் இருக்கும் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஏற ஏறத் தொழிற்சாலையில் பாதுகாப்பு வளர்ந்துவிட்டதாக எல்லோரும் மகிழ்ந்தார்கள். மெஷினைக் கண்டால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும் புதுப் பிள்ளைகள், ஒரே வாரத்தில் கூச்சமில்லாமல் கையை நீட்டப் பழகினார்கள்.

அப்படித் தங்கக் கை வாங்கியவர்களில் சுகப்பிரியாவும் ஒருத்தி. வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்துவிட்டு டிரெய்னியாக வந்து, படப்பையில் பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அவளுக்கும், அதே தொழிற்சாலையில் நாலாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டும் அவளுடைய அத்தை மகன் அருள்பாண்டிக்கும் தை மாதம் கல்யாணம் என்று ஊரில் பேசி முடித்திருந்தார்கள். அருள்பாண்டி சுங்குவார்சத்திரத்தில் ஊர்க்காரப் பையன்களோடு ஒரு ரூமில் இருந்தான். அதிகம் பேசாதவன். சொன்னதைச் சொன்னபடி நம்பிவிடுகிற ஆள். அவனுக்கு வந்த கஷ்டமெல்லாம், கண்ணால் பார்த்ததையும் நம்பியதால் வந்தது.

ஆயுதபூஜை அன்று ஜி.எம். ஸௌந்தரராஜன் தன் கையாலேயே எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தார். ஸ்ரீபெரும்புதூரில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். சந்தனத்தை வீட்டிலேயே அரைத்து, வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தார். நாலாம் நம்பருக்கு வந்தபோது போட்டோகிராபர், "சார், கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார். இந்தப் பக்கத்தில் இருந்தது சென்சாரின் கண்ணாடி. அதன் மேலேயே தாராளமாக ஒரு பொட்டு விழுந்தது. படம் நன்றாக வந்தது.

மறுநாள் நாலாம் நம்பர் ஓடவில்லை. சந்தனத்தைப் பார்த்த சென்சார், யாரோ கையை நீட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி மெஷினை நிறுத்தி வைத்திருந்தது. அந்தத் தொழிற்சாலையில் அன்று தன் கடமையைச் செய்தது அது ஒன்றுதான். மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஈரத் துணி போதும். ஆனால் ஜி.எம். வைத்த பொட்டின் மேல் ஈரத் துணியை வைப்பது யார்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பக்கத்தில் இருந்த பெட்டியைத் திறந்து, சென்சாரின் பேச்சு மெஷினுக்கு எட்டாதபடி சாவியைத் திருப்பி, பெட்டியைப் பூட்டிக்கொண்டு போனார்கள். இதற்கு பைபாஸ் என்று பெயர். நாலாம் நம்பர் ஜோராக ஓடியது. சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது.

அருள்பாண்டிக்கு இது தெரிந்தது, அவன் கையுறையின் நுனி உள்ளே இருக்கும்போதே பாளம் இறங்கியபோதுதான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சூப்பர்வைசர் நாகப்பனிடம் ஓடினான்.

"அண்ணே, நாலாம் நம்பர் சென்சார் வேல செய்யல. பொட்டத் தொடச்சுட்டு பைபாஸ எடுக்கச் சொல்லுங்க."

"இன்னாபா பேசற? ஜி.எம். சாரு அவரு கையால வெச்ச பொட்டு. அத்தப் போயி நான் துணி எட்துகினு தொடைக்கணுமா? எனக்கு ரிட்டயர்மென்ட் கிட்ட வந்துகினு கீது."

"சரி, பொட்டு இருக்கட்டும். பைபாஸயாவது எடுக்கச் சொல்லுங்க."

"பைபாஸ எட்த்தா பொட்டு மறைக்கும். மிஷின் ஓடாது. டார்கெட்டுக்கு உங்கப்பனா வந்து பதில் சொல்லுவாரு?"

"அப்ப பொட்ட…"

"தோ பாரு, சொன்னதையே சொல்லிகினு நிக்காத. உனக்கு டவுட்டு இருந்தா கூடத்துக்குப் போ."

அதுதான் புது விதி. மெஷினைப் பற்றி யார் என்ன புகார் சொன்னாலும் அது கற்றல் இடைவெளி. இடைவெளி உள்ளவரைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அன்று மாலையே, யாரும் பார்க்காதபோது அருள்பாண்டி நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தான். வெள்ளிக்கிழமை நாகப்பன் அதன் மேல் புதிதாக ஒரு பொட்டை அப்பிவிட்டு, ஜி.எம். கண்ணில் படும்படி பயபக்தியோடு கும்பிட்டார்.

கூடத்தில் அருள்பாண்டியை ஒரு திரையின் முன்னால் உட்கார வைத்தார்கள். "கை உள்ளே போனால் மெஷின் என்ன செய்யும்?" என்று திரை கேட்டது. கீழே மூன்று பொத்தான்கள் இருந்தன. நிற்கும். உடனே நிற்கும். மிக உடனே நிற்கும். அவன் நாலாவது பொத்தானைத் தேடினான். திரையின் பின்பக்கம் வரைக்கும் எட்டிப் பார்த்தான்.

"யோசிக்கிறீர்கள் போலிருக்கிறதே! உதவி வேண்டுமா?" என்றது திரை. வேண்டும் என்று தொட்டான். "நிற்கும்" என்று உதவியது.

"சார், நிக்காதுன்னு ஒரு பதிலு இல்லயே?" என்று ரகுநந்தனிடம் கேட்டான்.

ரகுநந்தன் அவன் தோளில் கை போட்டார். "தப்பான பதிலைக் காட்டினா கற்பவர் மனசுல அது தங்கிடும் அருள்பாண்டி. அதனால சரியான பதில்கள் மட்டும்தான் வெச்சிருக்கோம். யாருமே ஃபெயில் ஆகறதில்லை, கவனிச்சீங்களா?"

"நாலாம் நம்பர் நெசமாவே நிக்கல சார். ஒரு நிமிசம் வந்து பாருங்க."

"நான் எதுக்குப் பார்க்கணும்? இது மெஷின் பிரச்சினையே இல்லை. உங்க மனசுக்குள்ள ஒரு பழைய மெஷின் ஓடிட்டிருக்கு, நிக்காத மெஷின். அதைத்தான் நாம நிறுத்தணும். வாங்க, கையை விடுங்க."

விட்டான். நின்றது. கைதட்டல் எழுந்தது. நட்சத்திரங்கள் சொரிந்தன. ஒரு நொடி அவனுக்கே சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து அன்று முழுவதும் பயந்துகொண்டே இருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து படப்பை போனபோது, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் சுகப்பிரியா சொன்னாள்.

"அத்தான், வாற திங்கக்கெழமையிலருந்து நாலாம் நம்பருக்கு என்னையப் போட்டிருக்காவ. ஒங்களுக்கு வேற எடமாம். வெளிநாட்டுக்காரவ வாராவள்லா, தங்கக் கை உள்ளவதான் அதுல நிக்கணுமாம்."

அருள்பாண்டி டீ கிளாஸைக் கீழே வைத்தான். "வேண்டாம் சுகா. அதுல சென்சார் செத்துக் கெடக்கு. கைய விட்டா நிக்காது."

"நிக்கும். நான் கண்ண மூடிட்டே விட்டிருக்கேன்."

"அது கூடத்து மிஷினு, புள்ள."

"எல்லாம் ஒரே மிஷினுதாம்னு ரகுநந்தன் சார் சொல்லுதாரு. நீங்க பயந்துட்டு என்னையும் பயமுறுத்துதிய. நான் பெர்மனென்ட் ஆவாண்டாமா?"

அவள் சட்டையில் தங்கக் கை மினுங்கியது. பேசும்போதே அவளுடைய வலது கை மேசை மேல் மெல்ல முன்னால் போய்ப் போய்த் திரும்புவதை அருள்பாண்டி பார்த்தான். எதிரே தள்ளுவண்டியில் முருங்கைக்காய் குவித்திருந்தது. எழுந்து போய் ஒன்று வாங்கினான்.

மறுநாள் டீ பிரேக்கில் அவளை நாலாம் நம்பர் பக்கம் கூட்டிப்போனான். முருங்கைக்காயை வாய்க்குள் நீட்டிக்கொண்டு பெடலை மிதித்தான். பாளம் ஒரு தயக்கமும் இல்லாமல் இறங்கியது. பாதிக் காய் சக்கையாகி, விதைகள் அவள் பாதத்தின் மேல் தெறித்தன. சுகப்பிரியா நசுங்கிய இடத்தைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

"அத்தான், நான் மாட்டேன். திங்கக்கெழம நான் நிக்க மாட்டேன்."

அருள்பாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவ்வளவுதான், காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தான். பின்னால் நாகப்பன் நின்றுகொண்டிருந்தார்.

ஜி.எம். அறையில் ஸௌந்தரராஜன் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. வருத்தப்பட்டார்.

"நான் வெச்ச சந்தனத்துனால மெஷின் நின்னுபோச்சுன்னு நீ சொன்னா ஒத்துக்கறேன்பா. ஆனா நிக்கலைங்கறதுதான் உன் குறை! நிக்காம ஓடறது ஒரு குறையா? பெருமாள் அனுக்ரஹம்னா அது. இத்தனை வருஷத்துல, மெஷின் நிக்காம ஓடறதுன்னு எங்கிட்ட வந்து அழுத மொத ஆள் நீதான். அதுவும் கல்யாணம் ஆகப்போற பையன்."

ரகுநந்தனோ ஆனந்தத்தில் இருந்தார். "சார், இவன் கற்பவர் இல்லை, இவன் நம்மளோட சக டிசைனர்! முருங்கைக்காய்! அன்றாட வாழ்க்கையில இருந்து எடுத்த பொருள். எனக்குத் தோணலையே!"

அடுத்த நாளே கூடத்தில் நம்பிக்கை பிரஸ் பக்கத்தில் ஒரு கூடை முருங்கைக்காய் வந்து உட்கார்ந்தது. கற்பவர் காயை நீட்டுவார். மெஷின் நிற்கும். கீறல்கூட இல்லாத காயைத் தூக்கிக் காட்டுவார். கைதட்டல். "முருங்கைக்கே ஆபத்தில்லை என்றால் கைக்கு ஏது?" என்று திரையில் எழுத்து ஓடியது. அருள்பாண்டியைக் கற்றல் தூதராக நியமித்து, கழுத்தில் ஒரு பச்சைப் பட்டையை மாட்டினார்கள்.

சுகப்பிரியாவுக்கு வந்தது நம்பிக்கைச் சரிவு என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு மருந்து உண்டு. மூன்று நாட்கள் காலையிலிருந்து மாலை வரை அவளைக் கூடத்தில் நிறுத்தினார்கள். முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் அழவில்லை. காயை நீட்டினாள், நின்றது, தட்டினார்கள். கையை நீட்டினாள், நின்றது, தட்டினார்கள். மூன்றாம் நாள் மாலை வெளியே வந்தபோது அவள் முகம் கழுவிவிட்ட தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

"அன்னைக்கு நீங்க வச்சது முத்தல் காயி அத்தான். அதான் அப்பிடி நசுங்கிட்டு" என்றாள்.

"சுகா, ஒன் கண்ணாலதான பாத்த?"

"பாத்தேன். ஆனா கூடத்துல நெறைய தடவ பாத்தேன்லா."

அருள்பாண்டி கெஞ்சினான். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்றான். அவள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். கூடத்தில் ரகுநந்தன் அவனைப் பார்ப்பாரே, அதே பார்வை.

திங்கட்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். கூடத்துக்கும் பிரஸ் பகுதிக்கும் நடுவில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிச் சுவர் உண்டு. இந்தப் பக்கம் கற்பது, அந்தப் பக்கம் கற்றதைச் செய்வது. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். அருள்பாண்டி பச்சைப் பட்டையோடும் முருங்கைக்காயோடும் நம்பிக்கை பிரஸ் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நாலாம் நம்பரில், சுகப்பிரியா.

"முன்பெல்லாம் எங்கள் தொழிலாளிகள் மெஷினைக் கண்டு பயந்தார்கள்" என்று ரகுநந்தன் பேசினார். "பயம் ஒரு தடை. பயப்படுகிறவன் மெஷினைப் பார்த்துக்கொண்டே இருப்பான், நம் திரையைப் பார்க்க மாட்டான். பயத்தை நாங்கள் முழுவதுமாக அகற்றிவிட்டோம். இப்போது அவர்கள் கை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. அந்த அளவுக்குக் கற்றுவிட்டார்கள்."

விருந்தினர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு தகடு சிக்கியது. சுகப்பிரியா பக்கத்து மெஷினில் இருந்த அவளுடைய ஹாஸ்டல் தோழி மெர்சியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கால் பெடலை விட்டு எழவில்லை. வலது கை தானாக உள்ளே போனது. பாளம் மேலே ஏறிக்கொண்டிருந்ததால் கை திரும்பி வந்தது. தகடு வரவில்லை. கை மறுபடியும் போனது.

அருள்பாண்டி பாய்ந்து நம்பிக்கை பிரஸ்ஸில் அவசரத்துக்கு நிறுத்துவதற்கென்று இருந்த பெரிய சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தான். கைதட்டல் எழுந்தது. நட்சத்திரங்கள் சொரிந்தன. "சுகா!" என்று கத்திக்கொண்டே மறுபடி அடித்தான். இன்னும் பலத்த கைதட்டல். விருந்தினர்களும் எழுந்து சேர்ந்து தட்டினார்கள். இந்த அளவு ஈடுபாட்டை அவர்கள் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை.

அவன் இரும்பு ஸ்டூலைத் தூக்கிக் கண்ணாடியில் எறிந்தான்.

சுவர் முழுவதும் நொறுங்கி விழுந்தது. அந்தச் சத்தத்துக்குச் சுகப்பிரியா உடம்போடு திரும்பினாள். உடம்போடு கையும் திரும்பியது. தகட்டில் சிக்கிய கையுறை வரவில்லை. பாளம் இறங்கி, ஏறியது. கீழே கையுறை காகிதம் மாதிரி கிடந்தது, ஐந்து விரலும் விரித்தபடி. பிரஸ் பகுதியில் எல்லோரும் அதையே பார்த்தார்கள். சுகப்பிரியாவும் பார்த்தாள். பிறகு மெதுவாக வலது கையைத் தூக்கி, எதிரே பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். ஒலிபெருக்கியில் கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. கண்ணாடி தரமில்லாதது என்று தெரியவந்தது. அருள்பாண்டி கற்றல் சாதனத்தைச் சேதப்படுத்தியவன். சுகப்பிரியா வேலை நேரத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்பியவள், ஆகவே தங்கக் கை திரும்பப் பெறப்பட்டது. இருவரையும் வெளியே அனுப்பினார்கள். புதிதாக, உள்ளங்கை தடிமனில் ஒரு கண்ணாடி வந்தது. அதில் ஸ்டூலை எறிந்தாலும் ஒன்றும் ஆகாது, சத்தமும் அந்தப் பக்கம் போகாது. கையுறையைச் சட்டம் போட்டுக் கூடத்தின் வாசலில் மாட்டி, "கை பத்திரம்: நம்பிக்கை வென்றது" என்று கீழே எழுதினார்கள். நாலாம் நம்பரில் பொட்டு அப்படியே இருக்க, மெர்சியை நிறுத்தினார்கள். அவளும் தங்கக் கை வாங்கியவள்தான்.

மெர்சியிடம் அருள்பாண்டி தொழிற்சாலை வாசலுக்கு வெளியே நின்று சொல்லிப் பார்த்தான். அவள் சிரித்தாள். "ஒண்ணும் ஆகலையேண்ணா. கை நல்லாத்தானே கீது" என்றாள்.

பெட்டிகளோடு இருவரும் படப்பையில் தாம்பரம் பஸ் ஏறினார்கள். தானாக மூடும் கதவு உள்ள பஸ். உட்கார இடமில்லாமல் படிக்குப் பக்கத்தில் நின்றார்கள். சுகப்பிரியா தேறிவிட்டாள். ஊரில் அம்மாவிடம் என்ன சொல்வது, வள்ளியூரில் செல்போன் கடையில் வேலை கிடைக்குமா என்றெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். அவள் பேச்சைக் கேட்க அருள்பாண்டிக்கு நிம்மதியாக இருந்தது. இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தான்.

முதல் நிறுத்தத்தில் கதவு திறந்தது. ஆட்கள் ஏறினார்கள். கதவு புஸ்ஸென்று மூட ஆரம்பித்தது. சுகப்பிரியா அவன் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்க, அவளுடைய வலது கை மட்டும் எழுந்து, மூடும் கதவின் இடுக்கை நோக்கி நிதானமாகப் போனது.

அருள்பாண்டி மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"என்ன அத்தான்?" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல."

கையை விடாமல் பிடித்துக்கொண்டான். வெட்கப்பட்டு, "எல்லாரும் பாக்குதாவ, விடுங்க" என்றாள். விடவில்லை. அடுத்த நிறுத்தத்தில் கதவு மறுபடி திறந்து மூடியபோது, அவன் பிடிக்குள் அவள் கை துடித்து ஓர் இழுப்பு இழுத்தது. அவன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்தான்.